ஸ்லாவ்காவின் வசனக்குழி

ஸெலனா ஊர் உக்ரேனியர் மன்றத்தில் நாடகம் போட்டால் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. வெளியூர்க்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். வெளியே மரபு என்று சொல்லிக்கொள்வார்கள். மேடையின் முன்விளிம்பில், நட்டநடுவில், ஒரு சதுரக் குழி இருக்கிறது. கூட்டத்துக்குத் தெரியாதபடி முன்னால் ஒரு பலகைத் தடுப்பு. குழிக்குள் ஒரு நாற்காலி, ஒரு குட்டி விளக்கு, அப்புறம் ஸ்லாவ்கா. அவள் கீழேயிருந்து வசனத்தை எடுத்துக் கொடுப்பாள். மேலே நிற்பவர்கள் அதை வாங்கி, கையை விரித்து, கண்ணை உருட்டி, ஊருக்குச் சொல்வார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் குழியில் இறங்கியவள் ஸ்லாவ்கா. கல்யாணம் ஆகி, புருஷன் ரோமான் செத்து, தலை நரைத்த பிறகும் மேலே வரவில்லை. அந்த மேடையில் நின்ற ராஜாக்கள், காதலர்கள், கோசாக் தளபதிகள் எல்லாருக்கும் வாய் அவள்தான். யார் காலுறையில் ஓட்டை என்பதும் அவளுக்குத்தான் தெரியும். மேடைமேல் அவளை யாரும் பார்த்ததில்லை. நாலு பேர் கண் தன்மேல் பட்டால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மன்றத் தலைவர் மெட்ரோ அவளுடைய பெரியப்பா மகன். ஞானஸ்நானப் பெயர் த்மித்ரோ, கூப்பிடுவது மெட்ரோ. ஊருக்கு ரயில் வருவது நின்று காலமாயிற்று, மெட்ரோ மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறார். தானியக் கிடங்கு அளவுக்குக் குரல். ஆனால் ஒரு வசனம்கூட அவர் தலையில் தங்கியதில்லை. குழியிலிருந்து என்ன வந்தாலும் மூளைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் நேரே வாய்க்குப் போய்விடும். ஒரு தடவை ஸ்லாவ்காவுக்குத் தும்மல் வந்தது. அரசவையில் நின்றிருந்த மெட்ரோவும் கம்பீரமாகத் தும்மினார். கைதட்டல் வாங்கினார். இன்னொரு தடவை அவள், "இந்த விளக்கு சுடுது சனியன்" என்று முணுமுணுத்தாள். கோசாக் தளபதியாக நின்ற மெட்ரோ வாளை உருவி அதையே முழங்கினார். அதற்கும் கைதட்டல்தான்.

போன குளிர்காலத்தில், ஏரிக்கு அந்தப் பக்கம், க்ரீ பழங்குடி மக்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய ரிசர்விலிருந்து ரொக்ஸான் மன்றத்துக்கு வந்தாள். சாஸ்கடூனில் நாடகம் படித்த பெண். கமிட்டி முன்னால் உட்கார்ந்து நேராகச் சொன்னாள்.

"நூறு வருஷத்துக்கு மேல பக்கத்துல பக்கத்துல இருக்கோம். ஹாக்கி மைதானத்துல மூக்க ஒடச்சுக்கறதத் தவிர சேர்ந்து ஒண்ணும் செஞ்சதில்ல. ஒரு நாடகம் போடுவோம். ஆனா ஒண்ணு, உங்க ஆளுங்க யாரும் எங்க ஆளா வேஷம் கட்டக் கூடாது."

மெட்ரோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மன்றத்து உடைப்பெட்டியில் ஒரு சிறகுத் தலைப்பாகை இருந்தது. க்ரீ வேஷம் கட்டுவதற்கென்று அவர் அப்பா காலத்தில் செய்தது. ரொக்ஸானோடு வந்திருந்த க்ளிஃபர்ட் மஸ்கீகோ அதை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்தான்.

"இது வாத்து எறகு. இதோ இது கோழி," என்றான். "இதப் போட்டுக்கிட்டு எங்க ஊருக்கு வந்தீங்கன்னா எங்க ஆளுங்க சண்டைக்கு வரமாட்டாங்க. சூப்பு வச்சிருவாங்க."

கமிட்டி சிரிக்கலாமா கூடாதா என்று மெட்ரோவைப் பார்த்தது. குழிக்குள் தூசி தட்டிக்கொண்டிருந்த ஸ்லாவ்காதான் முதலில் சிரித்தாள். க்ளிஃபர்ட் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"உள்ள யாரு? கரடியா?"

"ஆமா. கடிச்சிருவேன், தள்ளிப் போ," என்றாள் ஸ்லாவ்கா.

அப்படித்தான் சிநேகம் ஆரம்பித்தது. க்ளிஃபர்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், நாற்பதைத் தாண்டியவன். ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் கரடிக்குத் தீனி என்று சொல்லி ஒரு டோனட்டைக் குழிக்குள் இறக்குவான். அவள் கார் படுத்துவிட்ட மாதம் முழுக்க, காலிப் பள்ளிக்கூட பஸ்ஸில் அவளை ராணி மாதிரி வீட்டில் கொண்டுபோய் விட்டான். ரோமான் செத்த பிறகு அவளை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவன் அவன் ஒருவன்தான். அதனால்தான் அவளுக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம் நாடகம். எழுதியவர் மெட்ரோ. கதை இதுதான்: அவருக்கும் ஸ்லாவ்காவுக்கும் தாத்தாவான இவான், உக்ரேனிலிருந்து வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் மண்குடிசையில் பட்டினி கிடக்கிறார். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜோசஃப் மஸ்கீகோ மீன் கொண்டுவந்து கொடுத்து, குடும்பத்தையே காப்பாற்றுகிறார். பனி உருகியதும் இவான் தங்கள் விருந்து மரபுப்படி பூப்போட்ட துண்டில் ரொட்டியும் உப்பும் வைத்து அவருக்கு நீட்டுகிறார். ஜோசஃப் அதை வாங்கிக்கொண்டு, "நன்றி, அயலாரே! இனி நாம் ஒரே மண்ணின் பிள்ளைகள்!" என்கிறார். எல்லாரும் பாடுகிறார்கள். திரை.

மீன் வந்ததுவரை நடந்த கதை. அதற்குப் பிறகு மெட்ரோவின் கைவண்ணம். உண்மையில் பனி உருகி, புல் வளர்ந்து, ஜோசஃப் ஏரிக்கரைப் புல்வெளியில் புல் அறுக்க வந்தார். அவர் குடும்பம் எப்போதும் அறுக்கும் இடம் அது. அந்தக் காலத்தில் க்ரீ ஆள் ரிசர்வைத் தாண்ட வேண்டுமானால் அரசாங்க ஏஜெண்ட் துரை கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். ஜோசஃபிடம் சீட்டு இல்லை என்பது இவானுக்குத் தெரியும். இவானுக்குப் புல் வேண்டியிருந்தது. நடந்தே போய்ப் போலீசில் சொன்னார். ஜோசஃபை இழுத்துக்கொண்டு போனார்கள். அறுத்த புல்லையும் அறுக்காத புல்லையும் இவான் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் புல்வெளியும் அவர் பெயருக்கு வந்தது. மாடு பட்டினியாகக் கிடந்தது, வேறு வழியில்லை என்று குடும்பத்துக்குள் சொல்லிக்கொண்டார்கள். அதையும் ஸ்லாவ்காவின் அப்பா ஒரு கிறிஸ்துமஸில் குடித்துவிட்டு உளறியதால்தான் அவளுக்குத் தெரியும். அதே இவானை, பிறகு வந்த முதல் உலகப் போரில், அப்போது எதிரி ராஜ்யத்தின் கீழிருந்த ஊரில் பிறந்தவன் என்று சொல்லிச் சீட்டு வைத்துக்கொண்டு போலீசில் ஆஜராகச் சொன்னார்கள். அந்தக் கதையை மட்டும் ஊர் வருஷா வருஷம் கண்ணீரோடு சொல்லும். மன்ற வாசலில் அதற்குக் கல்லே நட்டிருக்கிறார்கள்.

புல்வெளி இப்போது ஸ்லாவ்காவின் பெயரில் இருக்கிறது. மெட்ரோவின் மாடுகள் அதைத் தின்கின்றன. ஜோசஃபாக நடிக்கும் க்ளிஃபர்ட், ஜோசஃபின் கொள்ளுப்பேரன். அவனுக்கு இது தெரியாது என்று ஸ்லாவ்கா நம்பினாள். தெரிந்தால் டோனட்டும் நின்றுவிடும், பஸ்ஸும் நின்றுவிடும்.

ஒத்திகையில் வேறொரு வம்பு. க்ளிஃபர்ட் மற்ற வசனங்களை எல்லாம் கடகடவென்று சொல்லிவிடுவான். ரொட்டியை நீட்டியதும் நின்றுவிடுவான். வாயே திறக்க மாட்டான். ஸ்லாவ்காவுக்கு மேடையில் ஒருவன் வாய் மூடி நிற்பதைப் பார்த்தால் உடம்பே அரிக்கும்.

"நன்றி, அயலாரே," என்று எடுத்துக் கொடுப்பாள்.

மௌனம்.

"நன்றி, அயலாரே! டேய், காது கேக்குதா?"

"நான் மறக்கலக்கா. யோசிக்கிறேன்," என்பான் அவன்.

"யோசிக்கறத பஸ்ஸுல யோசி. மேடையில வசனம் சொல்லு."

அவனும் தோளைக் குலுக்கிவிட்டு, "நன்றி, அயலாரே" என்று சொல்லி வைப்பான். ரொக்ஸான் தலையில் கை வைத்துக்கொள்வாள். "ஆன்ட்டி, எங்க ஆளுங்க பேசறதுக்கு நடுவுல கொஞ்சம் நிறுத்துவாங்க. விட்டுடுங்களேன்," என்று அவள் எத்தனை தடவை கேட்டாளோ அத்தனை தடவை ஸ்லாவ்கா சரி என்றாள். அடுத்த ஒத்திகையிலும் அதையே செய்தாள். குழியையே ஆணி அடித்து மூடிவிடலாமா என்றுகூட ரொக்ஸான் பார்த்தாள். அது இல்லாவிட்டால் தன் பெயரே தனக்கு மறந்துவிடும் என்று மெட்ரோ சொன்னதால் பிழைத்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு நாடகம். மன்றம் நிரம்பி வழிந்தது. இடப்பக்கம் முழுக்க உக்ரேனியர்கள், வலப்பக்கம் முழுக்க க்ரீக்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. பின்கட்டுச் சமையலறையில் மட்டும் இரண்டு பக்கமும் கலந்திருந்தது. பெரோகிக் கொழுக்கட்டை வேக ஒரு அடுப்பு, மூஸ் மான் கறிக்கு ஒரு அடுப்பு, நடுவிலுள்ள அடுப்பு யாருக்கு என்று உள்ளே சண்டை. வலப்பக்கம் முன்வரிசையில் க்ளிஃபர்டின் எல்சி சித்தி உட்கார்ந்திருந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மண்குடிசையில் மெட்ரோ பட்டினியால் துடித்தபோது, "இந்த வயித்த வச்சுக்கிட்டா?" என்று எல்சி சித்தி கேட்டாள். இரண்டு பக்கமும் சிரித்தது. மீன் வந்தது. பனி உருகியது. அடுத்து மெட்ரோ பூப்போட்ட துண்டில் ரொட்டியையும் உப்பையும் ஏந்தி வந்து நீட்டினார்.

க்ளிஃபர்ட் நின்றான். வாய் திறக்கவில்லை.

"நன்றி, அயலாரே," என்றாள் ஸ்லாவ்கா.

மௌனம். மெட்ரோ ரொட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"நன்றி, அயலாரே!" என்றாள் கொஞ்சம் உரக்க. முன்வரிசையில் இரண்டொருவர் களுக்கென்றார்கள்.

க்ளிஃபர்ட் அசையவில்லை. ஸ்லாவ்காவுக்கு ஆத்திரம் வந்தது. ஊரே பார்க்கிறது, இவன் மரம் மாதிரி நிற்கிறானே.

"நன்றி சொல்லு! சொல்லித் தொலையேன், நன்றின்னு!"

இது கடைசி வரிசைவரை கேட்டது.

"எதுக்காம் நன்றி?" என்று எல்சி சித்தி கேட்டாள். "அது எங்க மீனுல்ல?"

வலப்பக்கம் ஓவென்று சிரித்தது. ஸ்லாவ்காவுக்கு அப்போதுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையை அதட்டுகிற குரல். யாரை அதட்டுகிறாள்? ஜோசஃப் மஸ்கீகோவின் கொள்ளுப்பேரனை. எதற்கு? இவான் தாத்தாவுக்கு அவன் நன்றி சொல்லவில்லை என்று. காது மடல் எரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். க்ளிஃபர்ட் நேரே குழிக்குள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை, மறதியும் இல்லை. பஸ்ஸில் கடைசிப் பிள்ளை ஏறும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அந்த முகம்.

இவனுக்குத் தெரியும், என்று அவளுக்கு உறைத்தது. முதல் நாளிலிருந்தே தெரியும்.

அவளுக்குத் தானே எழுந்து சொல்லத் தைரியம் இல்லை. பொய் சொல்வானேன், இல்லவே இல்லை. அதனால் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். காகிதத்தை மூடிவிட்டு, மெட்ரோவின் பக்கம் திரும்பி, எடுத்துக் கொடுத்தாள்.

"நான்தான் போலீசில் சொன்னேன்."

மெட்ரோ மார்பை விரித்தார். முகத்தில் விருந்தோம்பல் புன்னகை.

"நான்தான் போலீசில் சொன்னேன்!" என்று கூரை அதிர முழங்கினார்.

"குளிர்காலம் முழுக்க உன் மீனைத் தின்றுவிட்டு."

"குளிர்காலம் முழுக்க உன் மீனைத் தின்றுவிட்டு!"

"உன் புல்லுக்காக."

"உன் புல்லு..."

அங்கேதான் வாய் போன இடத்துக்கு மூளை வந்து சேர்ந்தது. மெட்ரோவின் புன்னகை அப்படியே தொங்கியது. குனிந்து குழிக்குள் பார்த்தார். அடிப்பாவி, என்று கண் சொன்னது. இடப்பக்கத்தில் அவர் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஸ்லாவ்கா மறுபடி எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள். மெட்ரோ தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மேடையை விட்டு இறங்கிப் போகப் போகிறார், நாடகமும் போச்சு, எல்லாமும் போச்சு என்று அவள் நினைத்தாள். அவர் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார், க்ளிஃபர்டைப் பார்த்தார். அப்புறம் யாரும் எடுத்துக் கொடுக்காமல், தன் சொந்தக் குரலில், சின்னதாகப் பேசினார்.

"புல்லுக்காகத்தான். மாடு பட்டினி கெடந்துச்சுன்னு சொல்லுவாங்க. அதெல்லாம் சும்மா. வேற எடத்துலயும் புல்லு இருந்துச்சு."

க்ளிஃபர்ட் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றான். அவன் பேசாமல் நின்ற நேரம் பூராவும் ஸ்லாவ்கா குழிக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"தெரியும்," என்றான் அவன் கடைசியில். "எங்க வீட்ல நாய்க்குக்கூடத் தெரியும். உங்கள்ல யாராவது என்னைக்காவது வாயத் தொறந்தா ஒண்ணு கேக்கச் சொல்லி எங்க கொள்ளுத் தாத்தா சொல்லி வச்சிட்டுப் போயிருக்காரு."

"என்ன?" என்றார் மெட்ரோ.

"மீனு நல்லா இருந்துச்சா?"

மெட்ரோ யோசித்தார். அவர் யோசித்து அந்த மேடை பார்த்ததில்லை.

"முள்ளு ஜாஸ்தின்னு தாத்தா சொல்லுவாரு," என்றார்.

வலப்பக்கம்தான் முதலில் வெடித்தது. எல்சி சித்தி முன்னாலிருந்த தடுப்பை அடித்து அடித்துச் சிரித்தாள். இடப்பக்கமும் சேர்ந்துகொண்டது, நிம்மதியில் சிலருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தவர்கள் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பாட்டைப் பாடித் திரையைப் போட்டுவிடலாம் என்று ரொக்ஸான் கை காட்டினாள்.

"அதெல்லாம் சரி," என்றாள் எல்சி சித்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அந்தப் புல்வெளி இப்ப யாருகிட்ட இருக்கு?"

சிரிப்பு நின்றுபோனது. மெட்ரோ துண்டோடும் ரொட்டியோடும் குழியைச் சுட்டிக் காட்டினார்.

"அவகிட்ட."

கூட்டம் முழுவதும் எழுந்து எட்டிப் பார்த்தது. ஸ்லாவ்காவுக்கு விளக்கை அணைத்துவிட்டுத் தரைக்குள்ளேயே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் குழிக்குக் கீழே இன்னொரு குழி இல்லை. விளிம்பைப் பிடித்து ஏறினாள். பாதியில் இடுப்பு மாட்டிக்கொண்டது. க்ளிஃபர்ட் கை கொடுத்து, "வா கரடி" என்று இழுத்து மேலே நிறுத்தினான். வசனக் காகிதம் கீழேயே கிடந்தது.

அத்தனை முகங்களையும் அவள் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே கிடையாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மெட்ரோவுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்.

"கமிட்டி கூடிப் பேசி முடிவு பண்ணும்னு சொல்லு. சொல்லுடி."

"சும்மா இருங்க மெட்ரோ," என்றான் க்ளிஃபர்ட். "அவங்க யோசிக்கட்டும்."

வலப்பக்கத்தில் எல்லாரும் அவசரமே இல்லாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். எல்சி சித்தியும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் இதே இடத்தில் க்ளிஃபர்ட் அவளுக்காகவும் மெட்ரோவுக்காகவும் இப்படித்தான் காத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் அவன் வாயில் நன்றியைத் திணித்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அது உங்களோடது," என்றாள். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "எனக்கு எப்பவோ தெரியும். சொன்னா க்ளிஃபர்ட் என்கூடப் பேச மாட்டான்னு பயந்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். ஜூலை மாசம் வந்து அறுத்துக்குங்க. இந்த வருஷத்துக்கு மட்டும் சொல்லல. பேரையும் மாத்திக் குடுத்துடறேன்."

இடப்பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவள் கையை க்ளிஃபர்ட் இன்னும் விடவில்லை என்பது ஸ்லாவ்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்சி சித்தி நிதானமாகத் தலையை ஆட்டினாள்.

"அறுக்கற மெஷினோடயா?"

"மெஷினு மெட்ரோவோடது. அவரக் கேளுங்க."

மன்றம் மொத்தமும் மெட்ரோவின் பக்கம் திரும்பியது. அவர் பழக்கதோஷத்தில் குழியைப் பார்த்தார். உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது. மனைவியைப் பார்த்தார், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமினார்.

"டீசல் மட்டும் உங்களோடது," என்றார்.